சுபாங், பட்டர்வொர்த், பாயான் லெப்பாஸ்: விமானம் பார்க்கப் போன கதை

வெள்ளி, செப்பாங்

தஞ்சாவூர்க்காரனுக்குப் போர் விமானம் புதிதில்லை. 2020 ஜனவரியில் எங்கள் ஊர் விமானப்படைத் தளத்துக்கு சுகோய் 30 அணி வந்ததிலிருந்து, மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற அம்மாவுக்கே அதன் சத்தம் அத்துப்படி. "காலையில ரெண்டு போச்சு, இன்னும் திரும்பக் காணோம்" என்பார். எனக்குப் பஞ்சமெல்லாம் பயணிகள் விமானத்தில்தான். திருச்சிக்குப் போனால் ஏ320, 737, ஏடிஆர். நடுவில் இரண்டு நடைபாதை வைத்த பெரிய விமானம் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

மலேசியாவில் விமானம் பார்க்கிற தமிழ் நண்பர்கள் சிலர் வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூரில் தொடங்கிப் பினாங்கில் முடிப்பதாகத் திட்டம். பத்துமலை, இரட்டைக் கோபுரம், ஷாப்பிங் எதுவும் இதில் கிடையாது. அதைத் தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

திருச்சியிலிருந்து ராத்திரி விமானம். விடிகிற நேரத்தில் மேகத்துக்குக் கீழே வந்ததும் ஜன்னல் முழுக்கச் செம்பனைத் தோட்டம், அதன் நடுவே ஓடுபாதை. செப்பாங்கில் இருக்கும் இந்தக் கோலாலம்பூர் விமான நிலையம் 1998 ஜூன் 27-இல் திறந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வரைந்தது. முனையக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு துண்டுக் காட்டை வைத்தவர் அவர். இப்போது மூன்று ஓடுபாதைகள். மூன்றாவது, மலிவுக் கட்டண விமானங்களுக்கான இரண்டாம் முனையம் 2014-இல் வந்தபோது சேர்ந்தது.

குளித்து, தூங்கி, மதியம் கிள்ளான் நண்பரோடு முனையம் 1-க்குத் திரும்பினேன். அங்கே அஞ்சோங் திஞ்சாவ் என்ற பார்வையாளர் மாடம் இருக்கிறது. கண்ணாடிக்குள்ளிருந்துதான் பார்க்க வேண்டும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து மேலே கறுப்புத் துணியைப் போர்த்தினால் பிரதிபலிப்பு போய்விடும். நண்பர் இதற்கென்றே ஒரு பழைய கறுப்புச் சட்டையைப் பையில் வைத்திருக்கிறார். துவைத்து வெகு காலம் ஆகியிருக்கும்.

அவர் லாரிக் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்ப்பவர். படை விமானம் என்றால் முகத்தைச் சுளிப்பார். பயணிகள் விமானத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. இன்னும் இறங்கவே இல்லை, தூரத்தில் விளக்கு மட்டும் தெரிகிறது, அதற்குள் பெயர் சொல்லிவிடுகிறார். எப்படி என்று கேட்டேன்.

"சக்கரத்தைப் பாருங்கண்ணே. மூஞ்சைப் பார்க்காதீங்க."

உண்மைதான். 777-க்கு இறக்கையடியில் பக்கத்துக்கு ஆறு சக்கரம். ஏ330-க்கு நாலு. அந்த நாலும் தொங்கும் விதத்தில் ஒரு விஷயம் இருக்கிறது: முன் ஜோடி மேலே தூக்கி, பின் ஜோடி தாழ்ந்து நிற்கும். அதனால் பின் ஜோடி முதலில் தரையைத் தொட்டு ஒரு புகை, அப்புறம் முன் ஜோடி தொட்டு இன்னொரு புகை. போயிங் 767-இல் இதற்கு நேர்மாறு, முன் ஜோடிதான் தாழ்ந்திருக்கும். 737-க்கு பிரதானச் சக்கரங்களை மூடக் கதவே கிடையாது. அது தலைக்கு மேல் போகும்போது வயிற்றில் இரண்டு டயரும் வட்டமாக அப்படியே தெரியும். 1960-களில் தரைக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று வரைந்த விமானம். அந்தக் குள்ளக் கால்தான் பின்னால் பெரிய என்ஜின் மாட்டும்போதெல்லாம் போயிங்குக்குத் தலைவலி கொடுத்தது.

ஏ350-க்கு விமானி ஜன்னலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. 787-க்கு என்ஜின் உறையின் பின்விளிம்பு ரம்பப் பல். இதெல்லாம் எனக்கும் தெரியும் என்று சொல்லிவைத்தேன், மானம் காக்க.

மலேசியா ஏர்லைன்ஸிடம் ஆறு ஏ380 இருந்தன. 2012-இல் வரத் தொடங்கி லண்டனுக்குப் பறந்தவை. கொரோனாவோடு அவற்றின் கதை முடிந்தது. பதிவெண் 9எம்-எம்என்ஏ தொடங்கி எம்என்எஃப் வரை ஆறையும் நண்பர் படம் எடுத்து வைத்திருக்கிறார். கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் நேரில் பார்க்காதவை. இன்று வந்ததெல்லாம் ஏ350, ஏ330நியோ, 737, நடுவே எமிரேட்ஸின் 777 ஒன்று. பஞ்சம் தீர்ந்தது.

சனி, சுபாங்

செப்பாங்குக்கு முன்னால் நாட்டின் வாசல் சுபாங்தான். 1965-இல் திறந்தபோது தென்கிழக்கு ஆசியாவிலேயே நீளமான ஓடுபாதை இங்கேதான் இருந்தது, 3,780 மீட்டர். 1998-இல் பெரிய விமானங்கள் எல்லாம் செப்பாங்குக்குக் குடிபெயர்ந்த பிறகு சுழல்விசிறி விமானங்களின் ஊராகிவிட்டது. 2024-இல் ஜெட் விமானங்களைத் திரும்ப அனுமதித்தார்கள். ஓடுபாதையின் இன்னொரு பக்கம் மலேசிய விமானப்படையின் தளம். பயணிகள், படை இரண்டும் ஒரே பாதையில் இறங்கி ஏறுகின்றன. இந்த ஊர் எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

இன்று எங்களோடு அங்கிள் சேர்ந்துகொண்டார். இங்கே எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. ஈப்போ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, விமானப்படையில் சேர்ந்து, ஹெர்குலிஸ் சரக்கு விமானப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். பயணிகள் விமானம் எல்லாம் அவருக்கு 'பஸ்'.

"பஸ் பார்க்கவா தஞ்சாவூர்லேர்ந்து வந்தீங்க தம்பி?"

கிள்ளான் நண்பர் பதில் சொல்லவில்லை. காலையிலேயே சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

வேலிக்கு வெளியே மரநிழலில் நின்றோம். முதலில் நான் வெகுநேரம் பார்த்தது ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் ஏடிஆர் 72, சுழல்விசிறி விமானம். நின்றுகொண்டிருந்தது, இரண்டு பக்க விசிறியும் ஓய்ந்திருந்தது. ஆனால் என்ஜின் சத்தம் மட்டும் கேட்கிறது. பெரிய விமானங்களில் வால் நுனியில் தனியாக ஒரு சின்ன என்ஜின் இருக்கும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் அதுதான் தரும். ஏடிஆரில் அந்தச் சின்ன என்ஜின் கிடையாது, எடை மிச்சம். அதற்குப் பதிலாக வலது பக்க என்ஜினையே ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஹோட்டல் மோட் என்று பெயர். பயணிகள் இடது பக்கம் பின்கதவு வழியாக ஏறிக்கொண்டிருக்க, வலது பக்கத்தில் ஆறு அலகு (பிளேடு) விசிறி அசையாமல் நிற்கிறது, அதன் பின்னால் என்ஜின் உறுமுகிறது. ஏறுகிற யாருக்கும் அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பதினொரு மணி இருக்கும். அங்கிள் பேச்சை நிறுத்திக் கையைத் தூக்கினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "நாலு என்ஜின். ஆனா நம்ம பிள்ளை இல்ல, பெரியவன்." சுபாங் ஜெயா பக்கத்து அடுக்குமாடிகளுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒன்று தலைகாட்டியது. ஏ400எம்.

இந்த விமானத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்த ராணுவச் சரக்கு விமானம். கூட்டில் இல்லாத வெளிநாடுகளில் தென்னாப்பிரிக்கா எட்டுக்குச் சொல்லிவிட்டு 2009-இல் பின்வாங்கியது. மலேசியா பின்வாங்கவில்லை. 2015-இல் முதல் விமானம் வந்தது, மொத்தம் நாலு. ஒவ்வொரு என்ஜினும் சுமார் 11,000 குதிரைத்திறன், எட்டு அலகு விசிறி. அந்த விசிறிகளைக் கவனித்துப் பார்த்தால் வேடிக்கை தெரியும்: ஒரே இறக்கையில் இருக்கிற இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. இரண்டுக்கும் நடுவில் அலகுகள் இரண்டு பக்கமும் கீழ்நோக்கி வரும்படி அமைப்பு. ஒரு என்ஜின் நின்றுபோனாலும் விமானம் பக்கவாட்டில் இழுபடுவது இதனால் குறைகிறது, வாலையும் கொஞ்சம் சிறிதாக வைக்க முடிகிறது. அலகுகளின் வளைவு ஒன்றில் இப்படியும் அடுத்ததில் அப்படியும் இருப்பது தொலைநோக்கியில் நன்றாகத் தெரிந்தது. ஹெர்குலிஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சரக்கு, 37 டன் வரை தூக்கும்.

"ஹெர்குலிஸ் 1976-லேர்ந்து இந்த நாட்டுல ஓடுது. இவன் அத்தனை வருஷம் ஓடட்டும், அப்புறம் பேசலாம்" என்றார் அங்கிள். மலேசியாவுக்கு ஏன் இத்தனை பெரிய சரக்கு விமானம் என்றால் வரைபடத்தைப் பார்த்தால் போதும். நாட்டின் பாதி தென்சீனக் கடலுக்கு அந்தப் பக்கம். கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலு சுமார் 1,600 கிலோமீட்டர். லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது. போர் விமானம் படத்துக்கு நன்றாக இருக்கும். நாட்டை ஒட்டவைத்திருப்பது இந்த மாதிரி உழைப்பாளிகள்தான் என்பது என் கட்சி. தஞ்சாவூரிலிருந்து கிளம்பும்போது இப்படி ஒரு கட்சி எனக்கு இல்லை.

ராத்திரி மாமாக் கடை. ரொட்டி சானாய், தே தாரிக், சண்டை. தலைப்பு எதிர்பார்த்ததுதான்: உங்கள் சுகோய் பெரிதா, எங்கள் சுகோய் பெரிதா? மலேசியாவிடம் இருப்பது சுகோய் 30எம்கேஎம், பதினெட்டு, கிளந்தான் பக்கம் கோங் கெடாக் தளத்தில். இந்தியாவின் சுகோய் 30எம்கேஐயிலிருந்து பிறந்ததுதான். இரண்டுக்கும் மூக்கருகே குட்டி இறக்கை, திசை திரும்பும் என்ஜின் வாய். வித்தியாசம் உள்ளே இருக்கும் மின்னணுவில். எம்கேஐயில் இஸ்ரேல் சாதனங்கள் உண்டு. மலேசியாவுக்கு இஸ்ரேலோடு உறவே கிடையாது, அதனால் எம்கேஎம்மில் அந்த இடங்களில் பிரெஞ்சு, தென்னாப்பிரிக்கச் சாதனங்கள். 2008-இல் இந்திய விமானப்படைக் குழு ஒன்று வந்து தங்கி, மலேசியர்களுக்கு அதில் பயிற்சி கொடுத்தது.

"சொல்லிக் கொடுத்தது நாங்கதான்" என்றேன்.

"நாங்க அதே டீல்ல ஒருத்தரை விண்வெளிக்கே அனுப்பிட்டோம். நீங்க அனுப்புனீங்களா?" என்றார் கிள்ளான் நண்பர். படை விமானமே பிடிக்காது என்பவர்! ஆனால் சொன்னது சரி. 2007 அக்டோபரில் ஷேக் முஸாஃபர் ஷுக்கோர் ரஷ்ய ராக்கெட்டில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது இந்த சுகோய் வாங்கிய ஒப்பந்தத்தின் பகுதிதான். நான் தே தாரிக்கைக் குடித்து முடித்தேன்.

ஞாயிறு, ரயில்

கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயில். நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். மூன்று பேரும் போனோம். நண்பர் தூங்கினார். ஈப்போ வந்ததும் அங்கிள் எழுந்து நின்று ஜன்னல் வழியே எதையோ தேடினார், கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

தைப்பிங் தாண்டும்போது அவர் சொன்ன கதையை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த ஊர்ப் போர்க் கல்லறையில் ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற பிரிட்டிஷ் விமானி இருக்கிறார். 1941 டிசம்பர் 9. ஜப்பானியர் வடக்கே தாய்லாந்தின் சிங்கோராவில் இறங்கிவிட்டார்கள். அவர்களைத் தாக்க பட்டர்வொர்த் தளத்திலிருந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்புவதாக ஏற்பாடு. முதல் ஆளாக ஸ்கார்ஃப் மேலே எழும்பிய அதே நேரம் ஜப்பானிய விமானங்கள் தளத்தின் மேல் குண்டு போட்டன. கீழே வரிசையில் நின்ற மற்ற விமானங்கள் ஒன்றும் எழும்பவில்லை. அவர் திரும்பி வந்திருக்கலாம். தனியாகப் போனார். போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது சண்டை விமானங்கள் துரத்திச் சுட்டன. பலத்த காயம். உடன் இருந்தவர்கள் அவரை இருக்கையில் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அலோர் ஸ்டாரில் சக்கரம் இறக்காமலே வயிற்றில் இறக்கினார். உடன் வந்தவர்கள் பிழைத்தார்கள். அலோர் ஸ்டார் மருத்துவமனையில் தாதியாக இருந்தவர் அவருடைய மனைவி. ரத்தம் கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. வயது 28. குழப்பத்தில் ஆவணங்கள் போய்விட, விக்டோரியா கிராஸ் விருது 1946-இல்தான் வந்தது.

அதற்கப்புறம் புக்கிட் மேரா ஏரி. ரயில் தண்ணீருக்கு நடுவே போகிறது, இரண்டு பக்கமும் கரை தள்ளி. நண்பரை எழுப்பிக் காட்டினோம். பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கினார்.

திங்கள், பட்டர்வொர்த்

படை விமானம் பார்க்க வார நாள்தான் சரி, அதுவும் காலை. ஞாயிற்றுக்கிழமை போய் நின்று கொசுக்கடி வாங்கியவர்கள் நிறைய. தெலுக் ஆயர் தாவாரில் ரொபினா கடற்கரை. சவுக்கு மரங்கள், சேற்றுக் கரை, அக்கரையில் பினாங்கு. பின்னால் தளத்தின் ஓடுபாதை வடக்கு தெற்காகக் கடலையொட்டிக் கிடக்கிறது. பினாங்கில் பொறியியல் படிக்கும் தங்கச்சி ஒருத்தி இங்கே எங்களோடு சேர்ந்தாள். கையில் கட்டம் போட்ட நோட்டு. பதிவெண், நேரம், ஓடுபாதை எல்லாம் பேனாவால்.

தளத்தின் வேலியோரம் அந்தச் சிவப்புப் பலகை இருக்கிறது. துப்பாக்கியை நீட்டி நிற்கிற சிப்பாய், எதிரே கையைத் தூக்கி நிற்கிற ஆள், மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நாலிலும் எச்சரிக்கை. எந்த மொழிக்காரனும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பலகை இருக்கும் பக்கம் கேமராவையே திருப்பக் கூடாது என்பது அங்கிள் சட்டம். கடற்கரைக்கு வந்தும் எங்கள் கேமராக்கள் பைக்குள்ளேதான் இருந்தன. அதனால் படம் எங்கே என்று யாரும் கேட்க வேண்டாம். கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு முதலில் இரண்டு ஹாக். ஒற்றை என்ஜின், சின்ன உடம்பு, சீழ்க்கை கலந்த சத்தம். மலேசியா 1994-இலிருந்து வைத்திருக்கிறது. இரட்டை இருக்கை உள்ளது பயிற்சிக்கு, ஒற்றை இருக்கை உள்ளதுக்கு மூக்கில் ரேடார். அவை வடக்கே போய் மறைந்தன. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. தங்கச்சி நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்தாள்.

அப்புறம் ஹார்னெட். சொல்லிவிட்டு வருவதில்லை. சத்தம் முதலில் காலில்தான் தெரிந்தது, அப்புறம் காதில். எஃப்/ஏ-18டி, இரண்டு இருக்கை, வெளிப்பக்கம் சாய்ந்த இரட்டை வால். ஓடுபாதை முடிகிற இடத்தில் ஏறித் திரும்பியபோது, கடற்காற்றின் ஈரத்தில் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வெள்ளையாக ஆவி கிளம்பி வாலைத் தொட்டுக் கலைந்தது. அந்தச் சுழல்தான் இந்த விமானத்தின் பலம், அதுவே வாலுக்கு எமன். சுழல் அடித்து அடித்து வால்கள் சீக்கிரம் களைத்துப்போனதால், பின்னாளில் இறக்கை வேரின் மேல் சின்னத் தடுப்புத் தகடுகள் வைத்தார்கள். இறங்க வரும்போது அந்தத் தகடும் தெரிந்தது, தடித்த கால்களும் தெரிந்தன. விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் தொப்பென்று விழுவதற்காகச் செய்த கால்கள். வாலடியில் கப்பலின் கம்பியைப் பிடிக்கிற கொக்கியும் உண்டு. மலேசியாவிடம் அந்த மாதிரிக் கப்பல் கிடையாது. 1997-இல் வந்த எட்டே எட்டு ஹார்னெட், எல்லாம் இந்தத் தளத்தில். 2013 மார்ச்சில் சபாவின் லஹாட் டத்துவில் ஊடுருவியவர்கள் மேல் குண்டு போட்டது ஹார்னெட்டும் ஹாக்கும்தான்.

நான் வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன். நாசி லெமாக்கை எறும்பு தின்றது.

மதியத்துக்கு முன்னால் ஒரு கூத்து. சாம்பல் நிறத்தில் ஒரு விமானம் வடக்கிலிருந்து நிதானமாக இறங்க வந்தது. இரட்டை என்ஜின், பக்கவாட்டில் ஜன்னலே இல்லாத மாதிரி. கிள்ளான் நண்பர் துள்ளி எழுந்தார்.

"737! சக்கரத்துக்குக் கதவு இல்ல பாருங்க!"

"டேய், அது பி-8. ஆஸ்திரேலியாக்காரன். நீர்மூழ்கி தேடுறது" என்றார் அங்கிள்.

"அங்கிள், 737-800 உடம்பு, 900-ஓட இறக்கை. இது நம்ம பஸ்தான்."

"பஸ்ஸுல டார்பிடோ வைப்பானா?"

தங்கச்சி நோட்டில் எழுதிக்கொண்டே இருவரையும் பார்க்காமல் சொன்னாள்: "ரெண்டும்தான் லா." அதோடு அடங்கினார்கள். எனக்கு இதுதான் இன்றைய உச்சம், ஹார்னெட் கூட இல்லை. படை வேறு, பயணிகள் வேறு என்று கோடு கிழித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு நடுவில் ஒரு விமானம் வந்து இறங்கிவிட்டது.

ஆஸ்திரேலியர் இங்கே ஏன்? 1958-இல் பிரிட்டிஷாரிடமிருந்து இந்தத் தளத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் சேபர் போர் விமானங்கள், 1967-லிருந்து மிராஜ். 1988-இல் தளம் முழுக்க மலேசியாவின் கைக்கு வந்தது. ஆனாலும் 1971-இல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து செய்த ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு இன்னும் நடக்கிறது. அதன் வான் பாதுகாப்புத் தலைமையகம் இங்கேதான். அங்கிள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிராஜ் பார்த்திருக்கிறார். "அழகுன்னா அது அழகு. வேலைன்னா வேற" என்றார்.

கிளம்பும் முன் அக்கரையைக் காட்டி இன்னொன்றும் சொன்னார். ஸ்கார்ஃப் போன இரண்டாம் நாள், 1941 டிசம்பர் 11. அதற்கு முந்தைய நாட்களில் குண்டு எல்லாம் இந்தக் கரையில், தளத்தின் மேல்தான். அதனால் அன்று விமானங்கள் வந்தபோது ஜார்ஜ்டவுன் மக்கள் ஓடி ஒளியவில்லை. தெருவிலும் துறைமுகச் சாலையிலும் கூட்டம் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அன்றைய குண்டுகள் ஊருக்கே வந்தவை. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். எங்கள் கூட்டத்தில் யாரும் அதற்குமேல் பேசவில்லை. தங்கச்சி மட்டும், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தன் கொள்ளுத்தாத்தா அன்று வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொன்னாள்.

செவ்வாய், பாயான் லெப்பாஸ்

இன்று தங்கச்சியின் ராஜ்ஜியம். அவளுக்கு சரக்கு விமானம்தான் உயிர். பினாங்கில் இருப்பவளுக்கு வேறு எது இருக்கும்? விமான நிலையத்தை ஒட்டியே தொழிற்பேட்டை. 1972-இல் வரியில்லா வட்டாரமாகத் தொடங்கியது, அதே ஆண்டு இன்டெல் வந்து இறங்கியது, அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆலை. சிப் கையளவு, விலை மலையளவு. கப்பலில் வாரக்கணக்கில் போட்டு வைக்கக் கட்டுப்படியாகாது, விமானத்தில்தான் ஏற்ற வேண்டும். அதனால் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்தால் சின்ன ஊர், சரக்கைப் பார்த்தால் பெரிய ஊர்.

பழைய ஊரும்கூட. 1935-இல் திறந்த நிலையம். மறு ஆண்டே இம்பீரியல் ஏர்வேஸ் ஹாங்காங்குக்கு ஒரு கிளைப்பாதையை இங்கிருந்துதான் தொடங்கியது, டி ஹாவிலண்ட் டிஎச்86 விமானத்தில், வாரம் ஒருமுறை. லண்டனிலிருந்து சிங்கப்பூர் போகும் வழியில் வந்த தபால் பினாங்கில் இறங்கி ஹாங்காங்குக்கு மாறியது. இப்போது ஹாங்காங்கின் கத்தே பசிபிக் சரக்கு விமானம் அதே வழியில் வருகிறது என்றால் பெரிய ஆச்சரியமில்லை.

அது 747-8. தெலுக் கும்பார் பக்கம் கடலின் மேல் வந்து இறங்கியது. மூக்குக்கு மேல் புடைப்பு, நாலு என்ஜின், ரம்பப் பல் உறை. 747 செய்வதையே போயிங் நிறுத்திவிட்டது. 1,574-ஆவது விமானம் 2023 ஜனவரி 31-இல் கைமாறியதோடு சரி. அந்தப் புடைப்பு சொகுசுக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1960-களில் இனிப் பயணிகள் எல்லாம் ஒலியை மிஞ்சும் விமானத்துக்குப் போய்விடுவார்கள், இதைச் சரக்குக்கு மாற்ற வேண்டிவரும் என்று கணக்குப் போட்டார்கள். மூக்கைத் தூக்கி நீளமான சரக்கை நேராக உள்ளே தள்ள வேண்டும் என்றால் விமானிகள் மேலே உட்கார வேண்டும். அப்படி வந்த புடைப்பு.

கிள்ளான் நண்பர் இதைக் கேட்டுவிட்டு அங்கிளைப் பார்த்தார். "பாத்தீங்களா, பஸ்ஸும் லாரியும் ஒன்னுதான்." அங்கிள் விடவில்லை. 747-க்குக் கிடைத்த பெரிய என்ஜின் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதுவும் சரியான கேள்விதான். அமெரிக்க விமானப்படை சி-5 சரக்கு விமானத்துக்குப் போட்டி வைத்தபோது, பெரிய விசிறி வைத்த என்ஜினுக்காக ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிராட் அண்ட் விட்னியும் மோதின. தோற்ற பிராட் அண்ட் விட்னியின் உழைப்புதான் 747-இன் முதல் என்ஜினாக முடிந்தது. இன்றைக்கு நாம் ஏறுகிற ஒவ்வொரு ஜெட்டிலும் உள்ள தடித்த என்ஜினுக்குத் தாய்வீடு அந்த ராணுவப் போட்டி.

மதியம் நாசி கண்டார். குழம்பை எல்லாம் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும், அப்போதுதான் ருசி. யார் பணம் கொடுப்பது என்று மூன்று பேரும் சண்டை போட்டதில் தங்கச்சி எப்போதோ கொடுத்துவிட்டிருந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செப்பாங்குக்கு மதியத்துக்கு மேல் போங்கள், நெடுந்தூர விமானங்கள் நிறைய வரும். சுபாங்கில் நடக்கத் தயாராக இருங்கள், நிழல் குறைவு. பட்டர்வொர்த்துக்கு வார நாள் காலை, உள்ளூர்க்காரர் ஒருவரோடு மட்டும். போர் விமானம் ஆட்டம் போடுவதைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் லங்காவியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லிமா விமானக் கண்காட்சி, அடுத்தது 2027-இல்.

புதன், மேலே

பினாங்கிலிருந்து சுபாங்குக்கு ஏடிஆரில் திரும்புகிறேன். ரயிலில் போகலாம், மலிவு. ஆனால் ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே, சக்கரம் உடலின் பக்கவாட்டுப் புடைப்பிலிருந்து இறங்கும். சரியான வரிசையில் ஜன்னலைப் பிடித்தால் சக்கரம் மடிவதையும் விரிவதையும் முகத்துக்கு நேரே பார்க்கலாம். தங்கச்சி வரிசை எண் சொல்லி அனுப்பியிருந்தாள். கிளம்பியதும் டயர் சுற்றியபடியே உள்ளே போய் ஒடுங்கியது. சுபாங் நெருங்கும்போது படக்கென்று வெளியே வந்து, தரையைத் தொட்ட கணத்தில் நின்ற சக்கரம் ஒரே நொடியில் புகையோடு சுழன்றது. எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன்.

பக்கத்து இருக்கையில் சுங்கை பட்டாணி அம்மா ஒருவர். பாலமும் தீவும் தெரிந்தபோது எடுக்காதவன் டயரை எடுக்கிறானே என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். இறங்கும்போது கேட்டார்.

"தம்பிக்கு விமானத்துல வேலையா?"

"இல்லம்மா. சும்மா, பிடிக்கும்."

"என் மகனும் இப்படித்தான். கல்யாணம் ஆனா சரியாயிடும்னு நெனச்சோம்."

"ஆயிடுச்சா?"

"எங்க? இப்ப ரெண்டு பிள்ளைங்களையும் சேத்து வேலியோரம் கூட்டிட்டுப் போறான்."